மூச்சு வாங்கிய தராசு

பிள்ளைகள் அவளைத் தராசக்கா என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் சொந்தப் பெயரைத்தான் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வாள். மறுநாளே அது காற்றோடு போய்விடும். தராசக்கா மட்டும் நிற்கும். ஒரு கையில் எடை பார்க்கும் கருவி, தோளில் உயரம் அளக்கும் மடக்குப் பலகை, கழுத்தில் மாலைபோல அளவு நாடா என்று ஒருத்தி வகுப்புக்குள் நுழைந்தால் வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்?

வளரும் பிள்ளைகளின் உடல்நலத்தை ஆராயும் நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை. நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் நல்ல சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் பற்றியெல்லாம் பாடம் நடத்துவார்கள். வேறு சில பள்ளிகளில் நடத்த மாட்டார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் பருவத்துக்கு ஒரு முறை அளந்து, பாடத்தால் ஏதாவது மாற்றம் உண்டா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அதை நடத்தியவர் பெரிய டாக்டரம்மா. அளந்தது தராசக்கா. அவள் சொல்லும் எண்ணை எழுதிக்கொண்டது பேனா அண்ணன். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், கொஞ்சம் காது மந்தம். அதனால் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. கடையில் சாமான் நிறுக்கும்போது சத்தமாகச் சொல்வதில்லையா, அப்படி.

அளக்கிறது பெரிய வித்தையில்லை. பிள்ளைகளைத் தராசின் மேல் ஏற்றுவதுதான் வித்தை. பதினொன்று, பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டால் பிள்ளைகளுக்கு உடம்பே ஒரு வம்பு. குட்டையானவன் குட்டையென்று கூசுவான், நெட்டையானவள் நெட்டையென்று கூனுவாள். முன்பு இந்த வேலையிலிருந்தவர் அதட்டி அதட்டிப் பார்த்துவிட்டு விட்டுப்போனார். தராசக்கா அதட்டவில்லை, சிரிக்க வைத்தாள். நிறைய பிள்ளைகள் இருந்த வீட்டில் கடைசியாகப் பிறந்தவள் அவள். அந்த வீட்டில் வாயிருந்தால்தான் ஆள் இருப்பதே தெரியும். அந்த வாயைத்தான் வேலைக்கும் கொண்டுவந்திருந்தாள்.

ஒல்லிப் பையன் ஏறினால், "தம்பி, காத்து பலமா அடிக்குது. பாக்கெட்ல ரெண்டு கல்லு போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போ" என்பாள். நெட்டைப் பெண் வந்தால், "அம்மாடி, மேல மழை பெய்யுதா பாத்துச் சொல்லு" என்பாள். வகுப்பே சிரித்து உருளும். அடுத்த பிள்ளை தானாக வந்து நிற்கும். 'இவ வந்தப்புறம்தான் வேலை ஓடுது' என்று பெரிய டாக்டரம்மாவே சொன்னதுண்டு.

ஒரு பெண்கள் பள்ளியில் அப்படித்தான் நடந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் வந்தாள். கன்னம் உப்பிய, கண்ணால் சிரிக்கிற பெண். தராசின் மேல் ஏறி நின்றாள். தராசக்கா குனிந்து பார்த்து எண்ணை உரக்கச் சொன்னாள். அந்த எண் என்னவென்று இங்கே சொல்வதாக இல்லை. ஒரு தடவை சத்தமாகச் சொன்னதே அதிகம். சொல்லிவிட்டு, வழக்கமான கலகலப்போடு தராசைத் தட்டிக்கொடுத்தாள்.

"அடேயப்பா, என் தராசுக்கு மூச்சு வாங்குதும்மா!"

வகுப்பு சிரித்தது. பேனா அண்ணன் அவள் என்ன சொன்னாள் என்று கேட்க, பக்கத்திலிருந்த மாணவி அவருக்குத் திருப்பிச் சொல்ல, இரண்டாவது சிரிப்பும் எழுந்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தபடி இறங்கிப் போனாள். தராசக்கா அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

*

அடுத்த பருவத்தில் அதே வகுப்புக்குப் போனபோது தராசக்காவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வெயில் காலம். மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் கம்பளிச் சட்டையோடு வந்து நின்றாள். தராசில் ஏறியதும் தராசக்கா பழைய அளவைக் கேட்டாள். பேனா அண்ணன் சொன்னார். "தப்பா பாத்துட்டீங்கண்ணே, வேற யாரோடதோ" என்றாள். அவர் பெயரைப் படித்தார். அதே பெண்.

தராசக்காவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பாடம் நடத்திய பள்ளி அல்லவா? பலன் கண்ணெதிரே நிற்கிறது! "சபாஷ்! இதல்லவா பொண்ணு! எல்லாரும் கை தட்டுங்க!" என்றாள். வகுப்பு கை தட்டியது. கொஞ்சப் பேர்தான் தட்டினார்கள் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

உயரம் பார்க்கப் பலகையில் நிறுத்தி, குதிகால் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பாதத்தைத் தொட்டாள். வெயில் காலத்தில் அந்தப் பாதம் குழாய்த் தண்ணீரில் ஊறியதுபோல் சில்லிட்டிருந்தது. நிமிர்ந்து கையைத் தொட்டாள், அதுவும் அப்படியே. மணிக்கட்டுக்கு மேல் பூனைமுடிபோல மெல்லிய ரோமம் படர்ந்திருந்தது. உயரம் ஒரு இழைகூட ஏறவில்லை. வளர வேண்டிய வயதில் பலகை பழைய கோட்டிலேயே நின்றது.

"சாப்பிட்டியாம்மா காலைல?"

"சாப்பிட்டேங்க்கா." பதில் கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "அக்கா, பாத்ரூம் போயிட்டு வந்து இன்னொரு தடவை ஏறட்டுமா? இன்னும் கொஞ்சம் கம்மியா காட்டும்."

கை தட்டல் சத்தம் தராசக்காவின் காதில் அப்போது வேறு மாதிரி கேட்டது.

இடைவேளையில் அந்தப் பெண்ணின் பெஞ்சுத் தோழியைத் தனியே பிடித்துக் கேட்டாள். தோழி முதலில் சுவரைப் பார்த்தாள், பிறகு தன் செருப்பைப் பார்த்தாள்.

"மதியச் சாப்பாட்டை எங்கள்ல யாருக்காவது குடுத்துடுவாக்கா. கேட்டா கோவப்படுவா."

"எப்போலேர்ந்து?"

"நீங்க போன தடவை வந்துட்டுப் போனதுலேர்ந்துதான்."

"நான் என்ன பண்ணேன்?" தராசக்கா நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"அந்தத் தராசு ஜோக்குக்கா." தோழி வாயைத் திறந்து, ஓடிக் களைத்தவள்போல இரைத்துக் காட்டினாள். "அவ பெஞ்சுல உக்காந்தா இப்படிப் பண்ணுவாங்க. மாடிப்படி ஏறினா பண்ணுவாங்க. டப்பாவைத் திறந்தா பண்ணுவாங்க. டீச்சர் திரும்பினா நிறுத்திடுவாங்க." பிறகு, "நானும் ஒரு தடவை பண்ணேங்க்கா" என்றாள்.

தராசக்காவுக்கு அந்த வாசகம் ஞாபகத்துக்கு வரவே கொஞ்ச நேரம் ஆனது. அதுதான் அவளைக் குத்தியது. இந்தப் பெண் பருவம் முழுக்கச் சுமந்ததை, சொன்னவள் அன்று சாயங்காலமே மறந்துபோயிருந்தாள்.

*

உடனே போய் யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வகுப்பாசிரியையிடம், "அந்தப் பொண்ணு சரியா சாப்பிடுதான்னு கொஞ்சம் பாத்துக்குங்க" என்று பட்டும் படாமலும் ஒரு வார்த்தை போட்டுவிட்டு வந்தாள். ஆசிரியை, "இந்த வயசுல எல்லாத்துக்கும் அழகு மேல கண்ணு" என்று சிரித்தார். தராசக்காவும் சிரித்துவைத்தாள். கடமை முடிந்தது என்று மனத்துக்குச் சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. எல்லா இடத்திலும் முந்திக்கொள்ளும் அந்த வாய், தேவைப்பட்ட இடத்தில் பூட்டிக்கொண்டது.

கணவனிடம் மட்டும் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். தினமும் ஆயிரம் பேச்சைக் காதில் வாங்கி இறக்கிவிடுகிறவன்.

"இதுக்குப் போயா முகத்தைத் தூக்கி வச்சிருக்கே? நீ விளையாட்டாத்தானே சொன்னே. என்னை எத்தனை பேர் என்னென்ன சொல்றாங்க, நான் சாப்பிடாமலா இருக்கேன்?"

"நீங்க பதிமூணு வயசுப் பொண்ணா?"

"ஒரு வார்த்தையில யாருக்காவது இப்படி ஆகுமா? வேற ஏதாவது காரணம் இருக்கும்."

இருக்கலாம். அதை அவளும் யோசித்திருந்தாள். ஆனால் அவன் அவளைத் தேற்றத் தேற்ற அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. விடுதலை கொடுக்கிற உரிமை அவனிடம் இல்லை என்று தோன்றியது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

அந்த வாரத்தில் பெரிய டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மற்ற ஆராய்ச்சியாளர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் அவர் பேச வேண்டியிருந்தது. பாடத்தால் நன்மையடைந்த பிள்ளைகள் சிலரின் படம் வேண்டும் என்றார்.

"நீயே பாராட்டின பொண்ணு ஒண்ணு இருக்காமே, பேனா அண்ணன் சொன்னார். வீட்டுல கேட்டு, சம்மதிச்சா ஒரு படம் எடுத்துட்டு வா."

சொல்வதற்கு அதைவிட நல்ல தருணம் கிடைத்திருக்காது. "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

*

அந்தப் பெண்ணின் அம்மா தையல்காரி. வீட்டின் முன்னறையே கடை. சன்னலோரம் தையல் இயந்திரம், கீழே வெட்டுத் துண்டுகள், சுவரில் தைத்து முடித்த சட்டைகள். மகள் பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. தராசக்கா யாரென்று தெரிந்ததும் தையல்காரி எழுந்து, நாற்காலியிலிருந்த துணிக்குவியலை அள்ளிப்போட்டு இடம் செய்து கொடுத்தாள்.

"நீங்கதானா அந்தத் தராசக்கா! வாங்க வாங்க. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். சின்ன வயசுலேர்ந்து நான் சொல்லாததா? ஓடு, விளையாடுன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். நீங்க வந்து என்ன சொக்குப்பொடி போட்டீங்களோ, தானா மாறிட்டா."

தராசக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"யூனிஃபாரத்தை உள்ள பிடிச்சுப் பிடிச்சே எனக்குக் கை வலிக்குது. பாருங்க." மகளின் சட்டையை எடுத்து உட்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒரு தையலுக்குள் இன்னொரு தையல், அதற்குள் இன்னொன்று என்று மடிப்பு தடித்துக் கிடந்தது. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பெருமையாகக் காட்டிக்கொண்டு வந்தவளின் விரல் கடைசித் தையலில் நின்றது. குரலும் தாழ்ந்தது.

"உங்களைக் கேக்கலாமான்னு தெரியல. உடம்பு விஷயம் படிச்சவங்க நீங்க. அவளுக்கு மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு. கேட்டா, எடை குறைஞ்சா அப்படித்தான்னு சொல்றா. முடி வேற கொத்துக் கொத்தா வருது. அப்படித்தானாங்க?"

"இல்லைங்க." தராசக்காவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அப்படி இல்லைங்க. அவ பட்டினி கிடக்கிறா. மதியச் சாப்பாட்டை யாருக்கோ குடுத்துடறா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

தையல்காரி புரியாமல் பார்த்தாள். "எதுக்கு அவ பட்டினி கிடக்கணும்?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். படித்த மாதிரி ஏதாவது சொல்லி, இந்த வயதின் கோளாறு என்று பொதுவாக முடித்திருக்கலாம். தராசக்கா நிறுத்தவில்லை. வகுப்பில் என்ன சொன்னாள், பிள்ளைகள் எப்படிச் சிரித்தார்கள், அதன் பிறகு எப்படி இரைத்துக் காட்டினார்கள், இரண்டாம் முறை எப்படிக் கை தட்ட வைத்தாள், தெரிந்த பிறகும் எப்படி ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள், இப்போது எதற்காக வந்தாள் என்பதுவரை ஒன்று விடாமல் சொன்னாள்.

தையல்காரி சட்டையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஒரு வாரமா தெரியுமா உங்களுக்கு?"

"ஆமாங்க."

"என் பொண்ணைப் படம் புடிக்க வந்தீங்களா?"

தராசக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எழுந்திருங்க" என்றாள் தையல்காரி. கத்தவில்லை. "அவ வர்ற நேரம். உங்களை இங்க பாக்க வேண்டாம்."

*

அன்று மாலையே தாய் மகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். நாடி மிகவும் மெதுவாகத் துடிக்கிறது என்று அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று அள்ளிக் கொடுக்கவும் கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டுமாம். உடம்புக்கு ஒரு மருத்துவர், மனத்துக்கு ஒரு மருத்துவர் என்று வாரக்கணக்கில் போனது.

மறுநாள் காலை தராசக்கா பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நின்றாள். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனாள். சொல்லி முடித்தபோது, டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணை நாம 'முன்னேற்றம்'னு கணக்குல சேர்த்திருக்கோம்" என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல. பிறகு, "இந்த மாதிரி ஜோக்கு வேற எந்தெந்தப் பள்ளியில சொன்னே?"

தராசக்கா அந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. ஒரு பெண்ணைத்தான் அவள் மனத்தில் சுமந்துகொண்டு வந்திருந்தாள். இப்போது காற்றில் பறக்கிற பையனும், மழை பார்க்கிற நெட்டைப் பெண்ணும், முகம்கூட ஞாபகமில்லாத இன்னும் எத்தனையோ பிள்ளைகளும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"எல்லாப் பள்ளியிலயும்தாம்மா."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தராசக்கா நினைத்தாள். "உன்னை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்ல. எண்ணைச் சத்தமா சொல்ல வேண்டாம்னு எனக்கில்ல தோணியிருக்கணும்? ஒரு தடவைகூட நான் வகுப்புல வந்து நின்னு பாக்கலியே" என்றார். கூட்டத்தில் பேசும்போது படத்துக்குப் பதிலாக இதையே சொன்னார். பெயர் சொல்லாமல், பள்ளியைச் சொல்லாமல், எங்கள் ஆராய்ச்சியே ஒரு பிள்ளையை நோயாளி ஆக்கியது என்று சொன்னாராம். அவையில் சிலர் முகம் சுளித்தார்களாம்.

அதன் பிறகு முறை மாறியது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தனியறைக்கு வந்தார்கள். தராசின் எண்ணுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். எண்ணை யாரும் உச்சரிக்கவில்லை, தராசக்காவே எழுதிக்கொண்டாள். எடை பார்க்க வேண்டாம் என்றால் விட்டுவிட்டார்கள். யாராவது கேலி செய்கிறார்களா, சாப்பாட்டைத் தவிர்க்கிறாயா என்று தனியே உட்கார்ந்து கேட்கவும் சேர்த்தார்கள். பழைய பள்ளிகளுக்கெல்லாம் திரும்பப் போனபோது, அதே மாதிரி சாப்பாட்டை ஒதுக்கும் பிள்ளைகள் வேறு சிலரும் தெரியவந்தார்கள். அவர்களில் யார் யார் தன் வாயால் அப்படி ஆனவர்கள், யார் வேறு காரணத்தால் ஆனவர்கள் என்று தராசக்காவுக்குத் தெரியவில்லை. அதைப் பிரித்துச் சொல்ல எந்த ஆராய்ச்சியாலும் முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

அவளிடம் சிரிப்பு நின்றுபோனது. புதிய பள்ளிகளில் பிள்ளைகள் அவளை 'அந்த அமைதியான அக்கா' என்றார்கள். பேனா அண்ணன்தான் தாங்க மாட்டாமல் ஒரு நாள் நிலையத்தில், "ஊமை மாதிரி இருக்கியேம்மா, எனக்கே காது சுத்தமா போயிடுச்சோன்னு பயமா இருக்கு" என்றார். அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

மருத்துவமனைக்கு இரண்டு தடவை போனாள். முதல் தடவை தையல்காரி வராந்தாவிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது தடவை அந்தப் பெண்ணே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். மூன்றாவது தடவை போகவில்லை. மன்னிப்பு கேட்பது யாருக்காக என்ற சந்தேகம் வந்துவிட்டது.

மகள் வீட்டுக்குத் திரும்பிச் சில மாதம் கழித்துத் தையல்காரியே ஆளனுப்பினாள். முன்னறையில் அந்தப் பெண் பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. தராசக்கா யோசித்து வைத்திருந்த எல்லாம் மறந்துபோய், "தப்பு பண்ணிட்டேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அவள் பொத்தானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்க சிரிச்சது பரவாயில்லக்கா. நானும் சிரிச்சேன்ல? எல்லாரையும்விடச் சத்தமா. அதை நினைச்சாத்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரமா வரும்."

"நீ சிரிச்சது உன் தப்பில்லம்மா. உன்னைச் சிரிக்க வச்சதும் நான்தான்" என்றாள் தராசக்கா. அந்தப் பெண் ஒப்புக்கொண்டாளா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தராசக்கா எழுந்து வந்தாள். மன்னித்தேன் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பெண் மெல்ல மெல்லத் தேறினாள். நேர்கோடாக இல்லை, தேர்வு வந்தால் சறுக்குவாள், பிறகு ஏறுவாள். தையல்காரி எப்போதாவது தராசக்காவுக்கு ஃபோன் செய்வாள். நட்பென்று சொல்ல முடியாது. விரோதமென்றும் சொல்ல முடியாது. கடைசியாகப் பேசியது ஒரு மதியம்.

"ஸ்கூல்ல வெளியூருக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். நாலஞ்சு நாள். அவ சாப்பிடறப்ப பக்கத்துல நான் இருக்க மாட்டேன். அனுப்பலாமா?"

"டாக்டரைக் கேளுங்களேன்."

"அவரைக் கேட்டாச்சு, அனுப்புங்கன்னுட்டாரு. எனக்குத்தான் மனசு வரல. அதான் உங்களைக் கேக்கறேன்."

தன்னைப் போய்க் கேட்கிறாளே என்று தராசக்கா நினைத்தாள். "அவளுக்குப் போக ஆசையா இருக்கான்னு அவளையே கேளுங்க" என்றாள்.

தையல்காரி ஃபோனைக் காதிலிருந்து எடுத்து உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பது கேட்டது. பதிலும் தெளிவாகக் கேட்டது.

"போறேம்மா. ஆனா அதை ஏன் அவங்ககிட்ட போய்க் கேக்கறே?"

தையல்காரி சங்கடத்தோடு, "ஏதோ சின்னப் பொண்ணு பேச்சு, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள்.

"இல்லைங்க, நியாயமாத்தான் கேக்கறா" என்றாள் தராசக்கா. "அனுப்பி வைங்க."